பூட்டக்காவும் பதினொன்று இருபது கோப்பும்

பூட்டக்காவுக்கும் பெற்றோர் ஒரு பெயர் வைத்துத்தான் இருந்தார்கள். அது அவளுடைய அடையாள அட்டையில் இருக்கிறது. அந்த அட்டையையும் எழுத்து உள்பக்கம் போகும்படி திருப்பித்தான் மாட்டியிருப்பாள். ஆகவே இருபத்திரண்டு வருடமாக அந்த வரைபட அலுவலகத்தில் அவள் பூட்டக்கா. மிதிவண்டிக்கு இரண்டு பூட்டு. மேசை இழுப்பறைக்கு ஒன்று. சாப்பாட்டுப் பெட்டிக்கு இரண்டு பக்கமும் கிளிப் இருப்பது போதாதென்று குறுக்கே ஒரு ரப்பர் பேண்ட். இழுப்பறைச் சாவி பர்ஸில், பர்ஸ் கைப்பையில், கைப்பை ஜிப்பில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பூட்டு. அந்தப் பூட்டின் சாவி எங்கே இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. சில நாள் அவளுக்கும் தெரியாது.

வேலை, கணினிப் பராமரிப்பு. மருத்துவமனை, பள்ளிக்கூடம், அடுக்குமாடி வீடு என்று எதை எதையோ வரைந்து தள்ளுகிற இருபத்தைந்து பேருடைய உழைப்பும் ஒரே சர்வரில் கிடக்கிறது. மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், அந்த சர்வரும் அவளும் ஒரு மின்விசிறியும் குடித்தனம் நடத்துகிறார்கள். ஒவ்வொருவருக்கும் சர்வரில் ஒரு ஃபோல்டர், ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு பூட்டு. எல்லாப் பூட்டையும் திறக்கிற தலைமைக் கடவுச்சொல் ஒன்றும் உண்டு. அது பூட்டக்காவிடம் மட்டும் இருந்தது. அதை வைத்து அடுத்தவர் கோப்பு ஒன்றைக்கூட அவள் திறந்து பார்த்ததில்லை.

பெரிய மகாத்மா என்று நினைத்துவிட வேண்டாம். காரணம் வேறு. பன்னிரண்டு வயதில் அவள் ஒரு நோட்டில் நாட்குறிப்பு எழுதிவந்தாள். ஒருநாள் சாப்பிடும் நேரத்தில் அவளுடைய அண்ணன்கள் இரண்டு பேரும் அதை எடுத்து, நாடகம் மாதிரி ஆளுக்கொரு பத்தியாக வாசித்தார்கள். அப்பா சிரித்தார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். அம்மாவும் சிரித்தாள், அதைத்தான் தாங்க முடியவில்லை. மறுநாளே பள்ளிக்கூடத்துக்கு எதிர்க்கடையில் முதல் பூட்டை வாங்கினாள். பூட்டுவது என் வேலை, உள்ளே பார்ப்பது என் வேலை இல்லை என்று அன்றைக்கு முடிவு செய்தவள்.

இந்த நல்ல பிள்ளையைத்தான் ஒரு வைரஸ் கெடுத்தது.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மத்தியானம், யாரோ ஒரு மின்னஞ்சலைத் திறக்க, அதிலிருந்து ஒரு சனியன் கிளம்பி சர்வருக்குள் புகுந்தது. ஒவ்வொரு படமாகத் திறந்து, கலைத்து, பெயரை மாற்றி, யாராலும் படிக்க முடியாதபடி மூடிக்கொண்டே போனது. நாற்பது நிமிடம் அது தன் பாட்டுக்கு மேய்ந்திருக்கிறது. பூட்டக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ரப்பர் பேண்டைக் கழற்றி, சாப்பிட்டு, மறுபடியும் மாட்டிவிட்டு வந்து பார்த்தால் பாதி மருத்துவமனையைக் காணோம். பழைய நகல்களிலிருந்து எல்லாவற்றையும் மீட்க பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு நாளும் அவள் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு அவள் ஒரு காவல் நிரல் எழுதினாள். ஏதாவது ஒரு கோப்பு புதிதாக வந்தாலோ, மாறினாலோ, பெயர் மாறினாலோ, அழிந்தாலோ உடனே தகவல் சொல்லும் வசதி கணினியின் அடிவயிற்றிலேயே இருக்கிறது. கேட்டு வைத்துக்கொண்டால் போதும், அது கூப்பிட்டுச் சொல்லும். அவளுடைய நிரல் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரே நிமிடத்தில் நூறு கோப்புக்கு மேல் மாறினால், மனுஷ வேலை இல்லை என்று முடிவு கட்டி இணைப்பைத் துண்டித்துவிடும். போதாததற்கு ஒவ்வொரு ஃபோல்டரிலும் முதல் இடத்தில் தன்னுடைய வெற்றுக் கோப்பு ஒன்றை, எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லு வைப்பது போல வைத்தாள். வைரஸ் வந்தால் முதலில் அதைத்தான் கடிக்கும்.

இதெல்லாம் நியாயம். நியாயத்தோடு நிறுத்தியிருக்கலாம். எத்தனை கோப்பு மாறியது என்ற எண்ணிக்கை மட்டும் திரையில் வந்தால் காவலுக்குப் போதும். ஆனால் வெறும் எண்ணிக்கை என்றால், ஆபத்து எந்த மேசையிலிருந்து வருகிறது என்று தெரியாது, எல்லாருடைய இணைப்பையும் சேர்த்து வெட்ட வேண்டும். பெயரும் மேசையும் தெரிந்தால் அந்த ஒரு மேசையை மட்டும் வெட்டலாம். இப்படி ஒரு சாக்கு கிடைத்ததும் பூட்டக்கா நிரலில் மூன்றே மூன்று வரி கூடுதலாக எழுதினாள். அன்றிலிருந்து அவளுடைய இரண்டாவது திரையில் வரி வரியாக ஓட ஆரம்பித்தது: மணி இத்தனை, இந்த மேசை, இந்தப் பெயருள்ள கோப்பு, மாறியது. உள்ளே என்ன இருக்கிறது என்று வராது. பெயர் மட்டும்தான்.

பெயரிலேயே பாதிக் குடும்பக் கதை வந்துவிடுகிறது என்பது அவளுக்கு ஒரே வாரத்தில் விளங்கிப்போயிற்று.

படிக்கட்டு மட்டுமே வரைகிற ஐம்பது வயதுக்காரர் ஒருவர் இருந்தார். படிக்கட்டுக்காரர் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். அவருடைய ஃபோல்டரில் ‘நிலா 1’ தொடங்கி ‘நிலா 61’ வரை கோப்புகள் இருந்தன. எந்தக் கட்டடத்திலும் நிலாவுக்குப் படிக்கட்டு கேட்டதாகத் தகவல் இல்லை. மனுஷன் கவிதை எழுதுகிறார்! வண்ணத் திட்டம் போடுகிற அம்மாள், மேலாளர் திட்டுகிற நாளிலெல்லாம் சாயங்காலம் நான்கு மணிக்கு ‘விண்ணப்பம் புதியது’ என்ற கோப்பைத் திறந்து சேமிப்பாள். மறுநாள் மேலாளர் சிரித்துப் பேசினால் கோப்பு அழியும். மூன்று வருடத்தில் அது பதினேழு தடவை பிறந்து பதினேழு தடவை செத்தது.

இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது ‘தூண் ஏழு’. தூண்களுக்குக் கணக்குப் போடுகிற தூண்காரன் அதை ஒருநாள் பொது ஃபோல்டரில் வைத்தான். அவன் சேமித்த நான்காவது நிமிடம் அதே கோப்பு முன்மேசையில் தொலைபேசி எடுக்கிற பெண்ணின் கணினியிலிருந்து மாறியது. மறுபடி அவன். மறுபடி அவள். முன்மேசைப் பெண்ணுக்கும் தூணுக்கும் என்ன சம்பந்தம்? பூட்டக்கா அந்தக் கட்டடத்தின் சுவர்ப்படத்தைப் போய் எண்ணிப் பார்த்தாள். அதற்கு மொத்தமே ஆறு தூண்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவளுடைய கணவர் பேருந்து ஓட்டுநர். நாள் முழுக்க நாற்பது பேர் முதுகுக்குப் பின்னால் ஊர்க்கதை பேச, திரும்பிப் பார்க்க முடியாமல் பாதிக் கதையோடு வீடு வருகிற மனிதர். அவருக்கு இது விருந்து. அதற்குப் பிறகு சீருடையின் முதல் பொத்தானைக் கழற்றும்போதே கேட்பார்.

“இன்னைக்குத் தூண் என்னாச்சு?”

“காலைல ஒம்பது தடவை. மத்தியானத்துக்கு மேல அவன் மட்டும் நாலு தடவை சேமிச்சான். அவ தொடவே இல்ல.”

“சண்டையா?”

“எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன உள்ள பார்க்கிறேனா?”

“ஐயையோ” என்று அவர் சட்டையை மடிக்காமலே உட்கார்ந்துவிட்டார். அந்தச் சண்டை நான்கு நாள் நீடித்தது. நான்கு நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

தப்பு இல்லையா என்று அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளாமல் இல்லை. வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தால்தானே தப்பு, தெருவில் யார் போகிறார்கள் என்று பார்த்தால் தப்பா என்று தனக்குத்தானே பதிலும் சொல்லிக்கொண்டாள். அது கள்ளப் பதில் என்பது அவளுக்குத் தெரியும். அண்ணன்களும் நோட்டின் அட்டையை மட்டும் வாசித்திருந்தால் அவள் அழுதிருக்க மாட்டாள் என்றா சொல்ல முடியும்? அட்டையில் அவள் என்ன எழுதி வைத்திருந்தாள் என்பதை இந்த வயதிலும் அவள் யாரிடமும் சொல்லத் தயாராக இல்லை.

ஒரு திங்கட்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு, மேலாளர் மேசையிலிருந்து ஒரு வரி வந்தது. ‘பராமரிப்பு வெளி ஒப்பந்தம்.’ புதிய கோப்பு.

பூட்டக்கா அந்த வரியை மறுபடியும் ஒருமுறை படித்தாள். தலைமை அலுவலகம் மற்ற கிளைகளில் என்ன செய்துவருகிறது என்பது ஊரறிந்த சங்கதி. கணினிப் பராமரிப்பை ஒரு வெளி நிறுவனத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அங்கே இருந்த ஆட்களை ஓர் அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. இந்த சர்வரைத் தவிர வேறு எதையும் கட்டி மேய்த்ததில்லை. செவ்வாய்க்கிழமையும் அந்த வரி வந்தது. புதனும் வந்தது. மேலாளர் இரண்டாவது தேநீர் குடித்துவிட்டு உட்காருகிற நேரம், பதினொன்று இருபது.

“திறந்து பாரேன். சாவி உன் கையிலதானே இருக்கு?” என்றார் கணவர்.

“மாட்டேன்.”

“அப்ப கவலைப்படாம இரு.”

“முடியல.”

“ரெண்டுல ஏதாவது ஒண்ணைப் பண்ணு தாயே. என்னால வண்டியைக் கவனிச்சு ஓட்ட முடியல.”

அவள் மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தாள். பதினொன்று இருபதுக்கு வரி வந்ததும் ஒரு மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்கு ஓடுவாள். “சார், கீபோர்டுல தூசி.” “சார், நேத்து நாலு கெட்ட மெயிலை வாசல்லயே நிறுத்திட்டேன், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.” “சார், மவுஸ் ஒழுங்கா நகருதா? பாத்து சொல்லுங்க. வெளியாளுங்களுக்கு இந்த மவுஸோட குணம் தெரியாது.” தான் இல்லாவிட்டால் இந்த அலுவலகம் நாறிவிடும் என்பதை எப்படியாவது அந்த மனிதரின் மண்டையில் ஏற்றிவிட வேண்டும். மூன்றாவது வாரம் மேலாளரின் கீபோர்டு அவள் துடைத்த துடைப்பில் எழுத்துகளே தெரியாமல் வழுக்கையாகிவிட்டது.

மேலாளர் அவளைவிடப் பத்து வயது சின்னவர். அவரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு எல்லாரையும் பார்ப்பார். ஏமாளி மாதிரி இருக்கும், ஆனால் ஏமாளி இல்லை. தான் அந்தக் கோப்பைச் சேமித்த மூன்றாவது நிமிடம் வாசலில் மஞ்சள் துணி தெரிகிறது என்பதை அவர் இரண்டாவது வாரமே கவனித்துவிட்டார். ஒருநாள் வேண்டுமென்றே பதினொன்று இருபதுக்குச் சும்மா இருந்தார். துணி வரவில்லை. மத்தியானம் இரண்டு பத்துக்குச் சேமித்தார். இரண்டு பதின்மூன்றுக்குத் துணி வந்தது.

அடுத்த நாள் தன் மூக்குக்கண்ணாடியைக் கொண்டுபோய் யாரும் இல்லாத கூட்ட அறை மேசையில் வைத்தார். திரும்பி வந்து, தன் பூட்டிய ஃபோல்டருக்குள் எதுவுமே எழுதாத ஒரு கோப்பைச் சேமித்தார். பெயர்: ‘என் கண்ணாடியைக் காணோம்.’

பூட்டக்கா அதைப் பார்த்தாள். ஐயோ பாவம், கண்ணாடி இல்லாமல் என்ன செய்வார் என்றுதான் முதலில் தோன்றியது. எழுந்தாள். மஞ்சள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தேடினாள். கூட்ட அறையில் கண்டெடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து, “இந்தாங்க சார், கூட்ட ரூம்ல கிடந்துச்சு” என்று நீட்டினாள்.

“யாருக்கா சொன்னாங்க, கண்ணாடியைக் காணோம்னு?”

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. அவளுக்கு நின்ற இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. கழுத்திலிருந்து காது மடல்வரை சூடு ஏறியது.

“கதவைச் சாத்திட்டு உட்காருங்க.”

சாத்தினாள். பழக்கதோஷத்தில் தாழ்ப்பாளும் போட்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். காவல் நிரல், மூன்று வரி, இரண்டாவது திரை, பதினொன்று இருபது. கவிதையையும் தூணையும் மட்டும் சொல்லவில்லை. அவை அடுத்தவர் விஷயம்.

“என் ஃபைலைத் திறந்து படிச்சீங்களா?”

“இல்ல சார். பேரு மட்டும்தான்.”

“சரி, இப்பப் படிங்க” என்று அவர் திரையைத் திருப்பினார்.

அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். “வேணாம் சார். நீங்க வேணும்னா சொல்லுங்க, கேட்டுக்கறேன். உங்க பூட்டுக்குள்ள இருக்கிறதை நான் பார்க்க மாட்டேன்.”

“இப்ப நான்தானே காட்டறேன்!”

“பழக்கம் இல்ல சார்.”

மேலாளர் பெருமூச்சு விட்டு வாசித்தார். வெளி நிறுவனத்துக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய, மூன்று மாதத்துக்கு முன் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் கறுப்புப் பையோடு வந்துபோனது அவளுக்கு நினைவிருந்தது. தலைமைக் கடவுச்சொல்லை வைத்துத் திறக்கப்பட்ட கோப்புகளின் ஒன்பது வருடப் பட்டியலை அவர் எடுத்துப் போயிருந்தார். அது வெற்றுத் தாளாக இருந்தது. ஒரு கோப்பு இல்லை, அரைக் கோப்பு இல்லை. அதைப் பார்த்துவிட்டு அவர் எழுதியிருந்தார்: ‘இப்படி ஒரு பட்டியல் இருக்க முடியாது. சாவி கையில் இருக்கும்போது ஒருமுறைகூடத் திறக்காத பராமரிப்பாளரை எந்தக் கிளையிலும் கண்டதில்லை. திருட்டுத்தனமாகத் திறந்துவிட்டுப் பட்டியலை அழித்திருக்கிறார் என்றே கொள்ள வேண்டும். மேலாளர் விளக்கம் தரவும்.’

பூட்டக்கா கண்ணைத் திறந்தாள். வாழ்க்கையில் அவளை யாரும் திருடி என்று சொன்னதில்லை. வேலை போகிற பயம் மூன்று வாரமாக இருந்தது. இது அதைவிட மோசமாக வலித்தது. மஞ்சள் துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், தூசியோடு.

“தினமும் பதினொண்ணு இருபதுக்கு உட்கார்ந்து இதுக்குத்தான் பதில் எழுதப் பார்த்தேன்” என்றார் மேலாளர். “அவங்க நேர்மையானவங்கனு எழுதுவேன். நானே படிச்சா நானே நம்ப மாட்டேன், அழிப்பேன். அத்தாட்சி வேணுமில்ல? இன்னைக்குத்தான் கிடைச்சுது.”

“என்ன அத்தாட்சி?”

“உங்க துணிதான். நீங்க ஃபைலைத் திறந்திருந்தா, நான் உங்களுக்காகத்தான் எழுதறேன்னு முதல் நாளே தெரிஞ்சிருக்கும். நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பீங்க. இப்படி மூணு வாரம் அலறியடிச்சு ஓடி வந்து என் கீபோர்டைக் கொன்னிருக்க மாட்டீங்க. பேரு தெரிஞ்சிருக்கு, சாவியும் கையில இருந்திருக்கு, உயிரே போற மாதிரி பயமும் இருந்திருக்கு. அப்பவும் திறக்கல. பட்டியல் நிஜம்தான்.”

எட்டிப் பார்த்த குற்றமே திறந்து பார்க்கவில்லை என்பதற்குச் சாட்சியாகிவிட்டது! அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தாள்.

“ஆனா நீங்க பேரு பார்த்ததையும் எழுதித்தான் ஆகணும் அக்கா.”

“எழுதுங்க சார். அதை மறைச்சு எழுதினா நான் வேலையில இருக்க மாட்டேன்.”

அந்த வாரம் அவள் நிரலை மாற்றினாள். மூன்று வரியை அழிக்க மூன்று நொடிதான் ஆகும். அவளுக்கு ஒரு மத்தியானம் ஆயிற்று. கடைசியாக ஒருமுறை ‘தூண் ஏழு’ மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாறியது. போதும் என்று அழித்தாள். இனி திரையில் எண்ணிக்கை மட்டும் வரும். பெயர்களெல்லாம் ஒரு பூட்டிய பதிவேட்டுக்குள் போய்விடும். அதைத் திறக்க மேலாளரின் கடவுச்சொல்லும் அவளுடையதும் இரண்டும் சேர வேண்டும். தலைமைக் கடவுச்சொல்லையும் அதே மாதிரி இரண்டாக உடைத்தாள். ஆபத்து வந்தால் ஒரு மேசைக்குப் பதிலாக எல்லாருடைய இணைப்பும் துண்டிக்கப்படும். அதுதான் இதற்கு விலை.

“தூண்?” என்றார் கணவர் அன்று சாயங்காலம்.

“இனிமே தெரியாது.”

“கதையை நடுவுல நிறுத்திட்டியே, பாவி!” என்று அவர் உண்மையாகவே கோபித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கறுப்புப் பை வந்தது. ஆய்வாளர் மேலாளரின் விளக்கத்தை இரண்டு தடவை படித்தார். மஞ்சள் துணிப் பத்தியை மூன்று தடவை படித்தார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. தன் மடிக்கணினியை அலுவலக இணைப்பில் மாட்டிவிட்டு, “ஒரு விஷயம். பேரு பார்த்த சங்கதி இவங்க எல்லாருக்கும் தெரியணும். அவங்களே எழுந்து சொல்லட்டும். அப்புறம் பார்க்கலாம்” என்றார்.

பூட்டக்கா கூடத்தின் நடுவில் போய் நின்றாள். இருபத்தைந்து தலைகள் நிமிர்ந்தன. “எல்லாரும் மன்னிக்கணும்” என்றாள். “மூணு வருஷமா உங்க ஃபைலோட பேரெல்லாம் என் திரையில வந்துச்சு. எந்த மேசை, எத்தனை மணினும் தெரியும். உள்ள பார்த்ததில்ல, சத்தியமா. ஆனா பேரைப் பார்த்தேன், தினமும் பார்த்தேன், ஆசையாவே பார்த்தேன். அது தப்பு. இந்த வாரத்தோட நிறுத்திட்டேன்.”

அவள் தன் அறைக்குத் திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தாள். ஆய்வாளரும் மேலாளரும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றார்கள். திரையில் ஒற்றை எண் இருந்தது: ஒன்று. அது ஐந்தாயிற்று. பன்னிரண்டு. முப்பத்து மூன்று. ஒரு மூச்சு விடுவதற்குள் சடாரென்று அறுபத்தொன்று கூடி தொண்ணூற்று நான்காயிற்று. நூற்றெட்டு.

டக்கென்று இணைப்பு விழுந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. கூடத்தில் இருபத்தைந்து பேரும் ஒரே நேரத்தில் ‘ஐயோ’ என்றார்கள்.

“வைரஸ்!” என்றார் ஆய்வாளர். “அந்தப் பதிவேட்டைத் திறங்க. ரெண்டு பேரும் கடவுச்சொல் போடுங்க. எந்த மேசை, என்ன பேருன்னு பார்க்கணும்.”

மேலாளர் விசைப்பலகையை நோக்கிக் கையை நீட்டினார். பூட்டக்கா அசையவில்லை. நிமிடத்தில் நூற்றெட்டு. வைரஸாக இருந்தால் இந்தத் தடவை தப்பிக்க முடியாது. வேலை போகும், கூடவே மானமும். பெயர்களைப் பார்த்தால் ஒரே நொடியில் தெரிந்துவிடும். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் இருபத்தைந்து பேர் முன்னால் நின்று நிறுத்திவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

“ஒரு நிமிஷம் குடுங்க சார். இணைப்புதான் விழுந்தாச்சே, எதுவும் எங்கயும் ஓடிடாது.”

முதலில் தன் தேங்காய்ச் சில்லுகளைப் பார்த்தாள். அவை அவளுடைய சொந்தக் கோப்புகள், யார் அனுமதியும் வேண்டாம். ஒன்றுகூடக் கடிபடவில்லை. பிறகு எழுந்து கூடத்துக்குப் போனாள். மேசை மேசையாக, எந்தத் திரையையும் பார்க்காமல், ஆட்களின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தாள். படிக்கட்டுக்காரர் இரண்டு கையாலும் தன் திரையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காது இரண்டும் செக்கச்செவேல். வண்ணத் திட்டத்து அம்மாள் இல்லாத ஒரு பேனாவை மேசைக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தாள். யாரும் அவள் கண்ணைச் சந்திக்கவில்லை. தூண்காரன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தான். முன்மேசைப் பெண் அவளை நேராகப் பார்த்து, லேசாகச் சிரிக்கவும் செய்தாள்.

பூட்டக்கா திரும்பி வந்தாள். “வைரஸ் இல்ல சார். வெட்கம்.”

“என்னது?”

“எல்லாரும் அவசர அவசரமா பேரை மாத்தறாங்க. வைரஸ் வந்தா முதல்ல என் காலி ஃபைலைத்தான் கடிக்கும், அது பத்திரமா இருக்கு. அதோட, வைரஸ் வந்தா இவங்க காது சிவக்காது.” சொல்லிவிட்டு இணைப்பைத் திரும்பக் கொடுத்தாள். சிவப்பு விளக்கு அணைந்தது. படங்கள் அத்தனையும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன.

ஆய்வாளர் குனிந்து அந்த விளக்கைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து, விளக்கத்தின் அடியில் ‘பட்டியல் உண்மையானது, பராமரிப்பு இவரிடமே இருக்கட்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலாளர் காகிதத்தைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு போனார்.

ஆய்வாளர் மட்டும் கிளம்பாமல் நின்றார். குரலைத் தாழ்த்தினார்.

“நானும் காலைல ஒரு ஃபைலை உங்க சர்வர்லதான் வெச்சிருந்தேன். நீங்க அங்க பேசிட்டிருந்தப்ப பேரை மாத்தினேன். பழைய பேரு அந்தப் பதிவேட்டுல இருக்குமா?”

“இருக்கும் சார்.”

“யாராவது பார்த்தா…”

“ரெண்டு சாவி வேணும். ஒண்ணு என்கிட்ட இருக்கு, நான் திறக்க மாட்டேன். இன்னொண்ணு மேலாளர்கிட்ட இருக்கு. அவரைப் பத்தி நான் உத்தரவாதம் குடுக்க முடியாது. ஆனா என் சாவி இல்லாம அவரால ஒண்ணும் பண்ண முடியாது.”

அந்த மனிதர் அவளைத் திருடி என்று எழுதியவர். இப்போது அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அவருடைய காதும் சிவந்துதான் இருந்தது.

சாயங்காலம் கணவர் சட்டைப் பொத்தானைக் கழற்றாமல் முறைப்பாக உட்கார்ந்திருந்தார். வேலை தப்பிய கதையைச் சொன்னதும் எழுந்துவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பொறுக்க முடியாமல் கேட்டார். “எல்லாரும் பேரை மாத்தினாங்கன்னியே. அந்தத் தூண்?”

“அவங்க ரெண்டு பேரும் மட்டும் கீபோர்டைத் தொடவே இல்ல.”

“தெரிஞ்சாலும் பரவாயில்லனு ஆயிடுச்சா?”

“ஆயிடுச்சு போல.”

“அப்பாடா” என்று அவர் பொத்தானைக் கழற்றினார்.

திங்கட்கிழமை பதினொன்று இருபதுக்கு பூட்டக்காவின் இரண்டாவது திரையில் ஓர் எண் வந்தது. ஒன்று. யாருடையது, எந்தப் பெயர், எந்த மேசை, எதுவும் தெரியாது. அவள் அந்த ஒன்றையே பார்த்தாள். கை தானாக மஞ்சள் துணியை எடுத்தது, கால் தானாக எழுந்து வாசல்வரை போயிற்று. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்து, தன் மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள்.